அத்தியாயம் 6: போனவர் பெயரால் ஒரு சாலைத் திருத்தம்

தமிழ்நாட்டின் பழைய பாதைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய சுமைதாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டவை அவை. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, தாமே திரும்பத் தூக்கிக்கொள்ள ஏற்ற உயரத்தில் அந்தக் கல் இருக்கும். ஒரு வீட்டின் துக்கம் வழிநடப்பவர் எல்லோருக்கும் உதவியாக மாறியது.

சாலை விபத்தில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பமும் ஊரும் இன்று செய்ய வேண்டியதும் இதுதான். அவர் விழுந்த இடத்தில் இன்னொருவர் விழாதபடி, அவர் பெயரால் ஒரு திருத்தம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஊர்களில் இதை எப்படிச் செய்வது என்பதை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது.

நினைவுநாள் வந்த கதை

இங்கிலாந்தில் 1990-இல் மகனை விபத்தில் இழந்த பிரிகிட்டே சௌத்ரி என்ற தாய், தன்னைப் போன்ற குடும்பங்களுக்காக ‘ரோட்பீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு 1993 முதல் சாலை விபத்தில் இறந்தோர் நினைவுநாளைக் கடைப்பிடித்தது. 2005 அக்டோபர் 26 அன்று ஐ.நா. பொதுச்சபை அதை உலக நாளாக ஏற்றுக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அந்த நாள்.

நம் நாட்டிலும் துக்கம் சட்டமாகியிருக்கிறது. 2007-இல் சாலையில் அடிபட்ட ஒரு பள்ளி மாணவனை ஏறிட்டுப் பார்த்தவர்கள் பலர், தூக்கியவர் யாருமில்லை. அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி ‘சேவ்லைஃப்’ அறக்கட்டளையைத் தொடங்கி உச்ச நீதிமன்றம் போனார். உதவி செய்கிறவரை அலைக்கழிக்கக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு 2016 மார்ச் 30 அன்று நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை அகற்றச் சொல்லும் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் தமிழ்நாட்டிலிருந்து வாதாடியவர் வழக்கறிஞர் கே. பாலு. ஒரு மனுவுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இவை போதும்.

2022-இல் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். சராசரியாக நாளொன்றுக்கு 49 பேர். நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு நிற்பதும் அந்த வண்டிதான்.

நம் சாலைகளின் ஆபத்து எங்கே?

மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் நான்கு வழிச்சாலை, தேசிய நெடுஞ்சாலை 38. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளும், வெளியூர்க் கார்களும், நம் ஊர் மொபெட்டும், ஆட்டுக்கிடையும் ஒரே சாலையில்தான் போகின்றன. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் ரெட்டியபட்டிப் பக்கமும் போகும் சாலைகள் வேறு வகை: குறுகல், வளைவு, இருட்டு. ஊர்ஊராக நடந்து பார்த்தால் நான்கு இடங்களில் ஆபத்து கூடியிருப்பது தெரியும்.

முதலாவது, விலக்கு. கிராமத்துச் சாலை நான்கு வழிச்சாலையில் ஏறும் இடம். சென்டர் மீடியனில் திரும்பும் வழி தள்ளி இருப்பதால், அவ்வளவு தூரம் போய்த் திரும்பச் சோம்பி எதிர்த்திசையில் வண்டியை ஓரமாக ஓட்டி வருவார்கள். எதிரே வரும் காருக்கு அந்த ஒற்றை விளக்கு தன் பக்கத்தில் வருகிறது என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டாவது, பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர். 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஓட்டுபவர் கண்டு, பிரேக்கை அழுத்தி, வண்டி நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். தாழ்வாக வைத்த முகப்பு விளக்கில் கறுத்த டிரெய்லர் தெரிவதே அந்தத் தூரத்துக்குள்தான். சீமைக்கருவேல விறகோ கரிமூட்டையோ ஏற்றிப் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் வண்டி இன்னும் மோசம்.

மூன்றாவது, சாலையில் காயும் தானியம். அறுவடைக் காலத்தில் குதிரைவாலியையும் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்காதிருக்க ஓரம் நெடுகக் கல்லை வரிசையாக வைப்பார்கள். சாயந்தரம் தானியத்தைக் கூட்டி அள்ளிக் கோணியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கல் அங்கேயே கிடக்கும். தாளும் தூசியும் வழுக்கும். பகலில் பயிரைக் காத்த கல்தான் இரவில் பைக்கைக் கவிழ்க்கும் கல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவுப்படி பொதுவழியில் தடை ஏற்படுத்துவது குற்றம். 5,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் காயவைக்க வேறு இடம் இல்லாத சம்சாரியைத் திட்டிப் பயனில்லை. ஊருக்கு ஓர் உலர்களம் கேட்டு வாங்குவதுதான் தீர்வு. களம் வரும்வரை, இரண்டு இளவட்டங்கள் இருட்டுவதற்கு முன் ஒரு நடை போய்க் கல்லை அப்புறப்படுத்தி வரட்டும்.

நான்காவது, வளைவை மறைக்கும் சீமைக்கருவேல். ஒரு மழைக்குப் பிறகு அது சாலைக்குள் கை நீட்டிவிடும். எதிரே வருவது பள்ளி வேனா, மில்லுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டியா என்று தெரியாது.

முதல் ஒரு மணி நேரம்

கண்ணெதிரே விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை இவை.

1. முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். உதவப் போனவர் மீது அடுத்த வண்டி மோதுவது அடிக்கடி நடக்கிறது.

2. 108-ஐ அழையுங்கள். நான்கு வழிச்சாலை என்றால் 1033-ஐயும் அழைக்கலாம். ‘பந்தல்குடிக்குப் பக்கத்தில்’ என்று சொல்லாமல், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்.

3. ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்து, முதுகு அடிபட்டிருக்கலாம். தீப்பற்றும் ஆபத்து இல்லாவிட்டால் இழுத்து அசைக்காதீர்கள்.

4. போலீஸ் கேஸ் என்று பயந்து ஒதுங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையும் உங்களை நிறுத்தி வைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது.

5. பணம் இல்லையே என்று தாமதிக்காதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. 2025 மே மாதம் அறிவித்த மத்தியத் திட்டத்தில் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை உண்டு.

6. அடிபட்டவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஒரு தாய் தன் மகனின் சாவைக் கைபேசியில் பார்த்துத் தெரிந்துகொள்வது போன்ற கொடுமை வேறில்லை.

பதினாறுக்குள் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

துக்கவீட்டில் யாருக்கும் காகிதம் பார்க்கும் மனநிலை இருக்காது. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையான உறவினர் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்கட்டும். ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு நோட்டு போதும். பதினாறாம் நாள் காரியத்துக்குள் சேர்க்க வேண்டியவை: எப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, மருத்துவமனை ரசீதுகள், மோதிய வண்டியின் பதிவெண்ணும் இன்சூரன்ஸ் விவரமும், இறந்தவரின் வயதுக்கும் வருமானத்துக்கும் சான்று. வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டு வைக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையைப் பின்னால் கேட்டு வாங்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு மூன்று வழிகள் உண்டு. மோதிய வண்டி தெரிந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் மனு. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எது உங்களுக்கு ஏற்றது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இடித்த வண்டி நிற்காமல் போய், கண்டுபிடிக்கவும் முடியாவிட்டால், சாவுக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. இந்தத் தொகை 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வருவாய்த் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். திருச்சுழி வட்டத்தாரும் அருப்புக்கோட்டை வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இறந்தவரின் வங்கிப் பாஸ்புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது பிரதமர் சுரக்ஷா பீமா காப்பீடு. விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்ட வீடுகள் உண்டு.

மருத்துவமனை வாசலிலேயே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களை அண்டவிடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டாம்

இளம் வயதில் ஒருவர் போய்விட்டால் நண்பர்கள் முதலில் செய்வது ஃபிளெக்ஸ் அடிப்பது. விலக்கிலும் முக்குரோட்டிலும் இரண்டு கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் படம் வைக்கிறார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டிய பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பொறியாளர் ஒருவர் தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தார். விபத்தில் போனவனுக்கு வைக்கும் படமே அடுத்த விபத்துக்குக் காரணமாகக் கூடாது.

ஃபிளெக்ஸுக்கு ஆகும் காசை அப்படியே எடுத்து வையுங்கள். அதில் ஊரிலுள்ள டிரெய்லர்களுக்கெல்லாம் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் வாங்கலாம்: பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. மிஞ்சினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் வாங்கி, தினமும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஹெல்மெட் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும் சாவை 42 பங்கும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. கழுத்துப்பட்டையைப் பூட்டினால்தான் அந்தக் கணக்கு.

சாலை ஏடு

ஊருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தலைப்பு: சாலை ஏடு. கட்டம் ஐந்து போதும்: தேதியும் நேரமும், இடம் (கிலோமீட்டர் கல் அல்லது விலக்கின் பெயர்), என்ன வண்டி, எப்படி நடந்தது, எத்தனை பேருக்கு என்ன அடி. போலீசுக்குப் போகாத சிறு விபத்தையும் எழுதுங்கள். முட்டி பெயர்ந்து எழுந்து போனவர் காட்டும் இடத்தில்தான் நாளைக்கு ஒருவர் எழாமல் போவார். டீக்கடை, பால் சொசைட்டி, பள்ளிக்கூடம் மூன்றிலும் கேட்டால் தகவல் சேர்ந்துவிடும். பெயர் எழுத வேண்டாம். குற்றம் சாட்டும் ஏடு ஆகிவிடக் கூடாது.

தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் நடந்தாலோ, பத்துப் பேர் இறந்தாலோ, அதைக் கரும்புள்ளி இடம் என்று அரசு கணக்கில் எடுக்கும். உங்கள் ஏடு அந்தக் கணக்கை அதிகாரி மேசையில் வைக்கும்.

மனு எழுதும் முறை

யார் சாலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு வழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஊருக்குள் வரும் சாலை ஊராட்சி அல்லது ஒன்றியத்துடையது. எல்லா மனுவுக்கும் ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்குப் போகட்டும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு அவர் பொறுப்பில் இயங்குகிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஒரு மனுவில் ஓர் இடம், ஓரிரு கோரிக்கை. மாதிரி இதோ:

‘ஐயா, எங்கள் ஊர் விலக்கில் கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த விபத்துகளின் பட்டியலை இணைத்துள்ளோம். இரவில் விலக்கு இருப்பதே தெரியவில்லை. இரு பக்கமும் எச்சரிக்கைப் பலகையும், விலக்கில் மின்விளக்கும் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இடத்தைப் பார்வையிட வரும் நாளைத் தெரிவித்தால் ஊரார் உடனிருப்போம்.’

அதிகாரியின் பதில் வரும்வரை பொறுமையில்லாமல் ஊராரே மண்ணையும் கல்லையும் கொட்டி வேகத்தடை போட வேண்டாம். முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ளது. வெள்ளைக்கோடும் முன்பலகையும் வேண்டும். வண்ணம் பூசாத செங்குத்து மேடு, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தூக்கி எறியும்.

கிராம சபை நாட்களான ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவற்றில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். உலர்களம் கேட்கவும் அதுவே இடம்.

நவம்பர் ஞாயிறு: நிகழ்ச்சி நிரல்

அது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஆகவே பள்ளிக் கட்டடமோ சமுதாயக் கூடமோ வேண்டும். விபத்து நடந்த சாலையோரத்தில் கூட்டம் கூட்டாதீர்கள்.

காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். இழந்த வீட்டாரை ஒரு வாரம் முன்பே நேரில் போய் அழையுங்கள். வர மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். படம் வைப்பதும் பெயர் சொல்வதும் அவர்கள் சம்மதத்தோடு மட்டுமே. குடித்திருந்தான், ஹெல்மெட் போடவில்லை என்று இறந்தவரைக் குறைசொல்லும் பேச்சுக்கு அன்று இடமில்லை. பெயர்களை வாசித்து ஒரு நிமிடம் அமைதி. விருப்பமுள்ள வீட்டார் பேச்சு. அடிபட்டுப் பிழைத்து நடமாட முடியாமல் இருப்பவர்களுக்கு என்ன தேவை என்ற கேள்வி. சாலை ஏட்டை ஊரார் முன் வாசித்தல். அந்த ஆண்டுக்கான ஒரு திருத்தத்தைத் தேர்ந்தெடுத்தல். பிறகு எல்லோரும் வெளியே வந்து, நிறுத்தியிருக்கும் டிரெய்லர்களில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அரசியல் மேடை, சால்வை, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

பெற்றோருக்கு அன்று ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளை பைக் ஓட்டி விபத்து நடந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவுப்படி வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

ஆண்டு முழுவதும்

தை, மாசியில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவெல்லாம் நடப்பார்கள். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டி, ஒற்றை வரிசையில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடக்கச் சொல்லுங்கள். அதே மாதங்களில் சாலையில் தானியம் காயும். கல் அகற்றும் முறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பங்குனியில் அருப்புக்கோட்டை முத்துமாரியம்மன் பொங்கலுக்கும், ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கும் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிப் போவதைத் தடுத்துப் பஸ் ஏற்பாடு செய்யுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வேன்களின் கதவையும் டயரையும் பெற்றோரே பார்க்கட்டும். மழைக்கு முன் சீமைக்கருவேலை வெட்டுங்கள். மழைக்குப் பின் குழிகளைச் சாலை ஏட்டில் எழுதுங்கள்.

இவ்வளவும் ஒரே ஆண்டில் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கு ஒரு விலக்கு சீரானால் போதும். இந்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் ஊர் விலக்கின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.